சந்தியாகப்பர் திருநாளும் வரிப்பணமும்

அத்தியாயம் 9

ஜூலை 25. கொங்கோ அரசின் தலைநகருக்குள் அன்று நாலாபுறமிருந்தும் ஆட்கள் வந்து குவிவார்கள். மாகாணத் தலைவர்கள் முன்னே வருவார்கள். பின்னால் வில்லும் வாளும் ஏந்திய படை. அதற்கும் பின்னால் தலைச்சுமையாகப் பொதிகள். பொதிகளுக்குள் பனைநாரில் நெய்த மென்துணி இருக்கும். லுவாண்டாத் தீவின் கரையோரத்தில் பெண்கள் மூழ்கி அள்ளிய ன்சிம்பு சோழியும் இருக்கும். அந்த நாட்டில் அதுதான் காசு. காலையில் சந்தியாகப்பருக்குப் பூசை. பூசை முடிந்ததும் மைதானத்தில் வாளாட்டம். பிறகு அரசனுக்கு வரி. திருநாளையும் வரிவசூலையும் ஒரே நாளில் கோத்த இந்த ஏற்பாட்டை எந்த ஐரோப்பியப் பாதிரியாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அந்த ஊர் அரசர்களின் மூளை.

சந்தியாகப்பர் அங்கே எப்படி வந்தார் என்பதைச் சென்ற அத்தியாயத்தில் தொட்டுவிட்டு நகர்ந்தோம். 1491இல் ஞானஸ்நானம் பெற்ற முதல் கொங்கோ அரசர் ன்சிங்கா அ ன்குவு இறந்ததும், அவருடைய பிள்ளைகளுக்குள் அரியணைச் சண்டை மூண்டது. மூத்தவர் அஃபோன்சோ கிறிஸ்தவர். எதிர்த்து நின்ற தம்பி ம்பன்சு அ கித்திமாவிடம்தான் ஆள்பலம் அதிகம். போர்க்களத்தில் வானத்தில் சிலுவை தெரிந்தது, சந்தியாகப்பர் குதிரைவீரர்களோடு தோன்றினார், எதிரிகள் சிதறி ஓடினார்கள் என்று அஃபோன்சோ பின்னாளில் போர்த்துக்கல் அரசருக்கும் தம் நாட்டுப் பிரபுக்களுக்கும் கடிதம் எழுதினார். தம்பியை வென்று பட்டத்துக்கு வந்த ஒருவர் தமது உரிமையை வானத்திலிருந்து நிலைநாட்டிக்கொண்டார் என்று இன்றைய வாசகர் முணுமுணுக்கலாம். முணுமுணுப்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கதை அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாட்டின் பிறப்புக் கதையாக நின்றது. ஆண்டுதோறும் ஜூலை 25 அன்று கொங்கோ நாடு தன்னையே மறுபடி நடித்துப் பார்த்துக்கொண்டது.

அந்த வாளாட்டத்தை ஐரோப்பியர் சங்கமெந்தோ என்று எழுதிவைத்தார்கள். கடலோர மாகாணமான சோயோவில் நடந்த சங்கமெந்தோ பற்றி 17ஆம் நூற்றாண்டுக் கப்புச்சின் துறவிகள் விட்டுச்சென்ற குறிப்புகள் சுவையானவை. ஆட்டத்துக்கு இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் சோயோவின் தலைவர் பழைய போர்வீரர் கோலத்தில் வருவார்: தலையில் இறகு, கையில் வில், அம்பு. குதித்தும் பதுங்கியும் உடம்பை வளைத்து அம்புக்குத் தப்புவதுபோல் ஆடுவார். இரண்டாம் கட்டத்தில் அதே மனிதர் போர்த்துக்கேயத் தொப்பியும் மேலங்கியும் கழுத்தில் தங்கச் சிலுவையுமாகத் திரும்பி வருவார். முதல் கோலம் நாட்டை நிறுவிய மூதாதையின் காலம். இரண்டாவது அஃபோன்சோவின் காலம். இரட்டைவாய் இரும்பு மணிகள் ஒலிக்க, துப்பாக்கிகள் வெடிக்க, ஒரே மைதானத்தில் இரண்டு வரலாறுகளும் அடுத்தடுத்து அரங்கேறிவிடும்.

ஆட்டம் தொடங்குமுன் தலைவர் பாதிரியார் முன் மண்டியிட்டு ஆசீர் வாங்குவார். துரின் நகர நூலகத்தில் ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கிறது. பெர்னார்தினோ இஞ்ஞாசியோ என்ற கப்புச்சின் துறவி 1750 வாக்கில் புதிதாகப் புறப்படும் துறவிகளுக்காகத் தயாரித்தது. பக்கம் பக்கமாக நீர்வண்ண ஓவியங்கள். அதில் இந்த ஆசீர்வாதக் காட்சியும் உண்டு. தாடி வைத்த துறவி ஒருபுறம். வாளும் கேடயமுமாகக் கூட்டம் மறுபுறம். ஓவியத்தின் நோக்கம் பாடம் சொல்வது: இப்படி நடக்கும், இப்படி ஆசீர் கொடு. திருநாளின் சொந்தக்காரர்கள் ஊர்க்காரர்கள், பாதிரியார் அழைக்கப்பட்டு வந்து நிற்பவர் என்பதை அந்தப் படம், வரைந்தவர் நினைத்தாரோ இல்லையோ, தெளிவாகக் காட்டிவிடுகிறது.

அந்த விருந்தாளிகளில் ஒருவரின் பயணத்தைப் பார்ப்போம்.

கப்புச்சின் சபையினர் முதன்முதலாகச் சோயோவில் கரையிறங்கியது 1645இல். போர்த்துக்கல் அரசின் பிடிக்கு வெளியே, உரோமை நேரடியாக அனுப்பியவர்கள் இவர்கள், பெரும்பாலும் இத்தாலியர்கள். இருபதாண்டு கழித்து இவர்கள் வரிசையில் சேர்ந்தவர்கள் பியாசென்சா ஊரின் தியோனிஜி கார்லியும் அவருடைய நண்பர் மிக்கேலாஞ்சலோ குவாத்தினியும். இத்தாலியிலிருந்து லிஸ்பன், அங்கிருந்து பிரேசிலின் பெர்னம்புக்கோ, மறுபடி அட்லாண்டிக்கைக் கடந்து லுவாண்டா என்று சுற்றி வளைத்து 1668இல் ஆப்பிரிக்க மண்ணை மிதித்தார்கள்.

லுவாண்டாவிலிருந்து ம்பம்பா மாகாணத்துக்குப் போக வண்டியும் இல்லை, குதிரையும் இல்லை. நீளக் கழியில் வலைத்தூளியைக் கட்டி, அதில் துறவியைப் படுக்கவைத்து, இருவர் தோளில் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். ஏழ்மையை வாழ்வாகக் கொண்ட சபையைச் சேர்ந்தவர்கள் மனிதத் தோளில் சவாரி செய்வது கார்லியின் மனதை உறுத்தியிருக்கலாம். வெயில் அந்த உறுத்தலைச் சீக்கிரம் ஆற்றியும் இருக்கும். ஊருக்கு ஊர் சுமைகாரர்கள் மாறுவார்கள். ஆள் கொடுப்பது ஊர்த்தலைவரின் பொறுப்பு. வழியில் ஒருமுறை புல்வெளியில் தீப்பிடித்து, தீக்கு முன்னால் காட்டு விலங்குகள் வெருண்டோடி வர, மொத்தக் கூட்டமும் மரமேறித் தப்பியது, துறவிகளும்தான்.

ம்பம்பாவில் குவாத்தினி காய்ச்சலில் விழுந்து இறந்தார். கார்லிக்கும் காய்ச்சல், மாதக்கணக்கில் படுக்கை. இங்கேதான் அவருடைய பயண நூலின் மிக அருமையான பக்கங்கள் வருகின்றன. எழுந்து உட்காரத் தெம்பில்லாத மனிதரைச் சுற்றிக் கூட்டம் குறைந்தபாடில்லை. தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தபடியே இருந்தார்கள். இருவர் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் புத்தகத்தை விரித்துப் பிடிக்க, நான்காமவர் கீழே பாத்திரம் ஏந்த, படுக்கையிலிருந்தபடியே ஞானஸ்நானம் கொடுத்தார். திருமணங்களையும் அப்படியே நடத்திவைத்தார். இரவில் எலிகள் காலைக் கடிக்கும். எலி விரட்ட அவர் ஒரு குரங்கை வளர்த்தார். அது பக்கத்திலேயே படுத்துக் காவல் காத்தது. ஓர் இரவில் படையெறும்புகள் வீட்டுக்குள் புகுந்தன. அவரைக் கட்டிலோடு தூக்கி வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, வைக்கோலைக் கொளுத்தி வீட்டை மீட்டார்கள். இந்த எறும்புகளிடம் சிக்கிய பசு மறுநாள் எலும்பாகத்தான் கிடைக்கும் என்று கார்லி எழுதுகிறார்.

சாகக்கிடக்கும் பாதிரியாரையும் விடாமல் மொய்த்த அந்த மக்கள் எதற்காக வந்தார்கள்? கடவுளைப் பற்றிக் கேட்டறிய அல்ல. அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். செபங்களும் தெரியும். சிலுவை அடையாளம் பல தலைமுறையாக வீட்டில் வழங்கியது. ஊர் நடுவே உயரமான மரச் சிலுவை நின்றது. பாதிரியார் ஒருவரால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் ஒன்றுக்காக வந்தார்கள்: குழந்தையின் நாக்கில் உப்பு வைத்து ஞானஸ்நானம் கொடுப்பது. பழைய சடங்கு முறையில் தண்ணீர் ஊற்றுமுன் நாக்கில் ஒரு துளி உப்பு வைப்பது வழக்கம். கொங்கோவில் அந்த உப்புதான் சடங்கின் உயிராகிவிட்டது. ஞானஸ்நானம் பெறுவதையே உப்புத் தின்பது என்று சொன்னார்கள். சூனியக்காரர்களின் கண்ணிலிருந்து உப்பு காக்கும் என்று நம்பினார்கள். உப்பு மட்டும் போதும், தண்ணீர் வேண்டாம் என்று சிலர் கேட்டபோது துறவிகள் எரிச்சலடைந்தார்கள்.

மற்றதையெல்லாம் பார்த்துக்கொண்டவர்கள் உபதேசியார்கள். போர்த்துக்கேயர் அவர்களை மெஸ்த்ரே என்றார்கள். உள்ளூர்ப் பிரபுக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்; எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்; தோளில் வெள்ளைத் துணி அவர்களுடைய அடையாளம். சிறுவர்களுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பது, செபமாலை நடத்துவது, அடக்கத்தின்போது நிற்பது, பாதிரியார் வந்தால் மொழிபெயர்ப்பது எல்லாம் இவர்கள் வேலை. பாவசங்கீர்த்தனம்கூட இவர்கள் வழியாகத்தான். பாவம் செய்தவர் கிகொங்கோவில் சொல்வார், உபதேசியார் அதைப் போர்த்துக்கேயத்தில் சொல்வார், இத்தாலியத் துறவி கேட்டு மன்னிப்பார். உபதேசியார்களும் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்கள். ஊரின் அத்தனை பாவங்களும் ஒரே ஆளின் காதில் போய்த் தங்கினால் அவருக்கு ஊரில் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதை வாசகரின் கற்பனைக்கு விடுகிறேன்.

இந்த ஏற்பாட்டுக்குப் புத்தகமும் துணைநின்றது. நம் வாசகர்களுக்கு 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் ஞான உபதேச நூல் நினைவிருக்கும்; தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்ட அந்தச் சிறு நூலுக்கு இரண்டே ஆண்டு பின்னால், 1556இல், கொங்கோ மொழிக்கும் ஓர் உபதேச நூல் வந்தது. அது ஒரு பிரதிகூட மிஞ்சாமல் போயிற்று. சேசு சபையைச் சேர்ந்த மாத்தேயுஸ் கார்தோசு 1624இல் வெளியிட்ட நூல் இருக்கிறது. அதைச் சீராக்கியதில் கொங்கோ உபதேசியார்களின் கை இருந்தது.

குருக்கள் பஞ்சம் ஏன் தீரவே இல்லை? கொங்கோ அரசர்கள் கேட்காமல் இல்லை. அஃபோன்சோ தம் மகன் என்றிக்கேயைப் போர்த்துக்கல்லுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். 1518இல் பத்தாம் லியோ பாப்பரசர் அவரை ஆயராக்கினார். 1531 வாக்கில் என்றிக்கே இறந்தபின் அந்த வரிசை தொடரவில்லை. 1596இல் தலைநகர் ஒரு மறைமாவட்டமாக உயர்ந்தது. ஆனால் ஆயரை நியமிக்கும் உரிமை போர்த்துக்கல் அரசின் கையில். அந்தக் கையைத் தாண்டி உரோமையோடு நேரே பேச இரண்டாம் அல்வாரோ அரசர் அந்தோனியோ மனுவேல் என்ற தூதரை அனுப்பினார். கடற்கொள்ளை, நோய், மாட்ரிட்டில் இழுத்தடிப்பு என நாலாண்டு அலைந்து, உடன்வந்த பெரும்பாலோரைப் பறிகொடுத்து, 1608 ஜனவரியில் அவர் உரோமைக்கு வந்தபோது உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. மூவிராசாக்கள் திருநாளன்று அவருக்குப் பெரிய வரவேற்பு ஊர்வலம் திட்டமிட்டிருந்தார்கள். ஐந்தாம் சின்னப்பர் பாப்பரசர் அவருடைய படுக்கையருகே வந்து பார்த்தார். திருநாளன்று உரோமைத் தெருக்களில் நடந்தது அவருடைய சவ ஊர்வலம். சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் கரிய பளிங்கில் செதுக்கிய அவருடைய மார்பளவுச் சிலை இன்றும் இருக்கிறது.

கொங்கோவின் இன்னொரு பெரிய திருநாள் நவம்பரில் வரும். சகல புனிதர், சகல ஆத்துமாக்கள் நாட்கள். செத்தவர்களை மறந்துவிட்டால் அவர்கள் உயிரோடிருப்பவர்களை நிம்மதியாக விடமாட்டார்கள் என்பது கொங்கோவின் மிகப் பழைய எண்ணம். கல்லறைத் திருநாள் அந்த எண்ணத்தின் மேல் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. இரவில் செபமாலை சொல்லி, மெழுகுவர்த்தி ஏந்தி, கூட்டம் கூட்டமாகக் கல்லறைகளுக்குப் போனார்கள். பிரபுக்களின் முன்னோர் கோவிலுக்குள்ளேயே அடக்கமாகியிருந்தார்கள். இதில் குறைகாணத் துறவிகளுக்கு அதிகம் இல்லை. உரோமையும் அதே நாளில் அதைத்தான் செய்தது.

சண்டை வந்ததெல்லாம் வேறு இடத்தில். வீட்டில் செபமாலையும் இருக்கும், குலதெய்வம்போல் காக்கும் ன்கிசி உருக்களும் இருக்கும். வைத்திருந்தவர்களுக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. துறவிகளுக்கு அது பேய்வழிபாடு. துரின் ஓவியங்களில் ஒரு துறவி மந்திரவாதியின் குடிசைக்குத் தீவைக்கும் காட்சியும் உண்டு, புதியவர்களுக்கு முன்மாதிரியாக. 1652இல் யோரிஸ் வான் கேல் என்ற ஃபிளெமிஷ் துறவி இப்படி உருக்களை எரித்தபோது ஊரார் அடித்த அடியில் இறந்தார். அடித்தவர்களும் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

திருநாட்களில் அரசியலும் கலந்தே இருந்தது. 1665 அக்டோபர் 29 அன்று ம்புவிலாவில் போர்த்துக்கேயரிடம் கொங்கோ தோற்றது. அரசர் முதலாம் அந்தோனியோவின் தலை லுவாண்டாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, நசரேத் மாதா கோவிலில் அடக்கம் செய்யப்பட்டது. கத்தோலிக்க அரசரைக் கத்தோலிக்கப் படை கொன்று, தலையை மட்டும் மரியாதையோடு புதைத்தது. ஐந்தாண்டில் சோயோ பழிதீர்த்தது: 1670 அக்டோபர் 18 அன்று கித்தோம்போவில் போர்த்துக்கேயப் படையை நொறுக்கியது. அன்று புனித லூக்கா திருநாள். அதன்பின் சோயோவின் திருநாள் வரிசையில் லூக்காவுக்குத் தனி இடம். போர்த்துக்கேயரைத் தோற்கடித்ததற்கு நன்றிப் பூசை. பூசை வைத்தவர்கள் ஐரோப்பியத் துறவிகள்!

இதே சோயோவில் 1680களில் ஜிரோலமோ மெரொல்லா என்ற துறவி இருந்தார். அடிமைகளை ஆங்கிலேயக் கப்பலுக்கு விற்கக்கூடாது என்று துறவிகள் சொன்னார்கள். சோயோவின் தலைவர் கேட்கவில்லை. அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார்கள். பிணக்கு முற்றி, கடைசியில் தலைவர் சாக்குத்துணி உடுத்தி, வெறுங்காலோடு, தலையில் முள்முடியும் கழுத்தில் கயிறும் கையில் பாடுபட்ட சுரூபமுமாக மடத்து வாசலில் வந்து நின்ற காட்சியை மெரொல்லா விவரிக்கிறார். படிக்கும்போது அடிமை வாணிகத்தை எதிர்த்த வீரக் கதைபோல் தோன்றும். ஆனால் தடை ஆங்கிலேயருக்கு மட்டும்தான். வாங்குவோர் பதிதர்கள் என்பதே குறை. கத்தோலிக்கருக்கு விற்பதில் அவர்களுக்குப் பெரிய ஆட்சேபம் இருக்கவில்லை. உரோமைக்குக் கடுமையாக எழுதிய கப்புச்சின்களும் இருந்தார்கள். கொங்கோ அரச வழியைச் சேர்ந்தவர் என்று சொல்லிக்கொண்ட லோரென்சோ த சில்வா மெந்தோன்சா என்பவர் உரோமைக்கே போய் வழக்காடினார். 1686 மார்ச் 20 அன்று திருச்சபையின் விசாரணைப் பேராயம் அநியாயமாக அடிமைப்படுத்துவதைக் கண்டித்தது. கப்பல்கள் நிற்கவில்லை.

கார்லிக்கே திரும்பும் வழி அப்படித்தான் அமைந்தது. லுவாண்டாவிலிருந்து பிரேசிலின் பாயியாவுக்கு அவர் ஏறிய கப்பலில் யானைத் தந்தமும் 680 அடிமைகளும் இருந்தார்கள். ஆண்கள் அடித்தளத்தில், கர்ப்பிணிகள் பின்புற அறையில், குழந்தைகள் நெருக்கியடித்து வேறோர் இடத்தில். வெக்கையையும் நாற்றத்தையும் மறைக்காமல் எழுதுகிறார். ம்பம்பாவில் தமது படுக்கையருகே வந்த தாய்மார்களின் நாட்டுக்காரர்கள் இவர்கள் என்று அவர் எங்கும் சொல்வதில்லை.

ம்புவிலாத் தோல்விக்குப் பின் மூண்ட உள்நாட்டுப் போரில் 1678இல் தலைநகர் சூறையாடப்பட்டுக் காடாகிக் கிடந்தது. 1704இல் இருபது வயதுப் பெண் கிம்பா வீட்டா, ஞானஸ்நானப் பெயர் பெயாத்ரிஸ், தமக்குள் அந்தோணியார் வந்து தங்கியிருப்பதாகச் சொன்னார். இயேசு பிறந்தது இந்தத் தலைநகரில், புனிதர்கள் கொங்கோக்காரர்கள், அரசர்கள் சண்டையை விட்டு ஊருக்குத் திரும்பவேண்டும் என்று போதித்தார். ஆயிரக்கணக்கானவர்கள் பின்னால் போய், இடிந்த பேராலயத்தைச் சுற்றிக் குடியேறினார்கள். உப்பும் வேண்டாம், பாதிரியாரும் வேண்டாம் என்ற இடத்துக்கு அவர் வந்துவிட்டார். கப்புச்சின்களின் பார்வையில் பதிதம். நான்காம் பேத்ரோ அரசருக்கோ அரியணைப் போட்டி. 1706 ஜூலை 2 அன்று கிம்பா வீட்டாவைத் தீயிலிட்டார்கள். பெர்னார்தோ, லோரென்சோ என்ற இரு கப்புச்சின்கள் அந்த விவகாரத்தில் முன்னின்றவர்கள். நமக்குக் கிடைக்கும் சான்றெல்லாம் அவர்கள் எழுதியதே. பெண்ணை எரித்தார்கள், அவருடைய திட்டத்தைப் பேத்ரோவே நிறைவேற்றினார். 1709இல் அவர் தலைநகரில் குடியேறினார். அந்தோணியார் பக்தியும் போகவில்லை: கொங்கோ கொல்லர்கள் பித்தளையில் வார்த்த, கழுத்தில் தொங்கவிடும் குட்டி அந்தோணியார்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டில் துறவிகள் வரத்து மெலிந்தது. ஒரே பாதிரியார் நாடு முழுவதும் சுற்றிய காலங்கள் உண்டு. செரூபினோ த சவோனா 1759 முதல் 1774 வரை அப்படித்தான் ஏறக்குறையத் தனியாளாக அலைந்தார். 1780களில் வந்த இரபேல் த காஸ்தெலோ த வீதே என்ற பிரான்சிஸ்கன் துறவிக்கும் கார்லியின் அனுபவமே: போன இடமெல்லாம் குழந்தைகளோடு கூட்டம். அந்த இடைவெளிகளில் செபமும் கல்லறைத் திருநாளும் வாளாட்டமும் நடந்துகொண்டே இருந்தன. உபதேசியார் குடும்பங்கள் அப்பனிடமிருந்து மகனுக்கு அந்த வேலையைக் கைமாற்றிக்கொண்டிருந்தன.

1834இல் போர்த்துக்கல் தன் ஆளுகையில் துறவற சபைகளையே கலைத்தது. கப்புச்சின்களின் கதை அங்கே முடிந்தது. 1879இல் ஆங்கிலேய பாப்திஸ்து ஊழியர்கள் பழைய தலைநகருக்கு வந்து சேர, போர்த்துக்கல் விழித்துக்கொண்டு 1881இல் அந்தோனியோ பரோசோ என்ற இளம் குருவை அங்கே அனுப்பியது. இந்தப் பரோசோ நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1897இல் மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்கு ஆயராக நியமனம் பெற்றவர் இவர்தான். கொங்கோவில் அவர் கண்டதும் செய்ததும் அடுத்த அத்தியாயத்தில்.